ஜெபசீலியின் கோப்பில் ஒரு தவறான வரி

பெங்களூரு மருத்துவமனையில் என் தங்கை ஜெபசீலியின் கோப்பில், 2024 நவம்பர் 19ஆம் தேதிப் பக்கத்தில், ஒரு வரி தவறாக இருக்கிறது. "ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நோயாளி தாமாகவே பரிசோதனையை நிறுத்திவிட்டார்." அவள் நிறுத்தவில்லை.

ஜெபசீலி எனக்குப் பதினான்கு வயது இளையவள். திருமணம் செய்துகொள்ளவில்லை, ஓசூரில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். சிப்காட்டில் ரப்பர் வளையங்கள் செய்யும் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவி, கண்ணுக்குத் தெரியாத பிசிறைக்கூடக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவாள். 2016 மே மாதம் இடது மார்பில் இருந்த கட்டியையும் குளிக்கும்போது அந்த விரல்தான் கண்டுபிடித்தது.

கட்டியை மட்டும் எடுத்து மார்பை விட்டுவைக்கலாம், ஆனால் கதிர்வீச்சு கட்டாயம் என்றார் மருத்துவர். என் மனைவி செல்வம்மாள், "கல்யாணமாகாதவளுக்கு எதுக்குடி அது? மொத்தமா எடுத்துடச் சொல்லு, பயமாவது போவும்" என்றாள்.

"ஏன் அண்ணி, கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டுந்தான் ஒடம்பா?" என்று கேட்டாள் ஜெபசீலி. மார்பை விட்டுவைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் 14 அறுவை சிகிச்சை. ஜூலை 29 முதல் செப்டம்பர் 2 வரை இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு; எங்கள் பேச்சில் கரண்ட் வைப்பது. தினமும் கர்நாடக எல்லை அத்திப்பள்ளி தாண்டிப் பேருந்தில் போய் வந்தோம். முடித்த பத்தாம் நாள் காவிரிக் கலவரத்தில் எல்லையில் பேருந்துகள் நின்றன. தப்பினோம் என்று மகிழ்ந்து அதையும் அவளுடைய சிகிச்சை நோட்டில் குறித்தேன்.

முப்பத்தைந்து வருடம் ஒரு தொழிற்சாலையின் வருகைப் பதிவு எழுத்தராக இருந்தவன் நான். அவளுடைய மாத்திரை, பரிசோதனை, மேமோகிராம் படம் எல்லாவற்றுக்கும் நோட்டுப் போட்டேன். ஐந்து வருடம் தாண்டிவிட்டால் பயமில்லை என்று எல்லோரும் சொன்னதால் ஐந்து வருடத்துக்கு மட்டுமே கட்டம் போட்டேன். 2021 ஜூலையில் மருத்துவர் மாத்திரையை நிறுத்தினார். "வருஷா வருஷம் படம் மட்டும் எடுத்துடுங்க" என்றார். என் காதில் விழுந்தது. எழுத நோட்டில் கட்டம் இல்லை. கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, முடிந்தது என்று எழுதினேன். சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்தினோம்.

2022 ஜூலையில் அவள் கேட்டாள். "என்னாண்ணா, இந்த வருஷம் படம் எடுக்கப் போவணும் இல்ல?"

"நோட்டே முடிஞ்சிபோச்சி. இன்னும் எதுக்கு?" என்றேன்.

அடுத்த வருடமும் கேட்டாள். அதையே சொன்னேன்.

2024இல் அவளுக்கு முதுகு வலித்தது. பஸ் குலுக்கல் என்று நினைத்தாள். மார்பைத் தடவிப் பார்க்காமல் இல்லை. "கரண்ட் வெச்சதுல இருந்து அந்தப் பக்கம் கல்லு மாதிரிதான் கெடக்குது. எது புதுசு, எது பழசுன்னு வெரலுக்குத் தெரியலண்ணா" என்றாள்.

நவம்பரில் மருத்துவமனைக்குப் போனபோதுதான் தெரிந்தது: மிச்சம் வைத்த அதே மார்பில் நோய் மறுபடி வளர்ந்து முதுகெலும்புக்குப் போயிருந்தது. பத்து, பதினைந்து வருடம் கழித்தும் வரக்கூடும், அதற்காகத்தான் அந்தப் படம் என்றார் மருத்துவர். "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா மார்பை மட்டும் எடுத்திருப்போம். மூணு வருஷமா எங்கேம்மா போய்ட்டீங்க?"

நான் வாயைத் திறக்குமுன் ஜெபசீலி சொன்னாள்: "நாந்தான் டாக்டர் வேணாம்னு இருந்துட்டேன். அண்ணன் எவ்வளவோ கூப்பிட்டாரு."

அவர் அதை எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்தச் சொல்லவில்லை.

திரும்பும் பேருந்தில், "ஏன் அப்படிச் சொன்னே?" என்றேன்.

"அவரு திட்டினா நீ தாங்கமாட்டே. எனக்கு இனிமே எப்பிடி எழுதுனா என்னா?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

2025 ஜூலை 27, ஞாயிறு காலை 6.40க்கு இறந்தாள். ஐம்பத்தேழு வயது.

ஆகஸ்டில் அந்த வரியைத் திருத்தச் சொல்லி மனு எழுதிக்கொண்டு போனேன். பதிவேட்டுப் பிரிவுப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "பேஷண்ட் இறந்துட்டா ஃபைல்ல கை வெக்க முடியாது சார்" என்றாள். மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த வரி அப்படியே இருக்கிறது. ஜெபசீலி நிறுத்தவில்லை. இரண்டு முறை கேட்டாள்.