கணபதி எண்ணெயை விட்ட கதை

இந்த நாடு பெற்றோல், டீசல் எண்ணெயைக் கைவிடப் போகிறது என்று கொழும்பில் திட்டம் போடுகிறார்களாம். நல்லது. அக்கராயனில் நாங்கள் அதை எப்பவோ செய்து முடித்துவிட்டோம். சண்டைக்கால வடக்கின் பொருளாதாரத் தடைக் காலம் முழுவதும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் உழுதோம், இறைத்தோம், மாப்பிள்ளை ஊர்வலமும் போனோம். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஒரு சொட்டு இருந்தது. அந்தச் சொட்டு கணபதியிடம் இருந்தது.

கணபதி எங்கள் ஒழுங்கையில், தெரு முடிகிற இடத்துக் கடைசி வளவுக்காரர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து தாய் தகப்பனோடு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர். மனைவி சுப்பம்மாவும் அப்படி வந்தவதான். சுப்பம்மா இன்னும் தோட்டத்துப் பேச்சை விடவில்லை. கணபதி எங்கள் பேச்சைப் பழகிக்கொண்டார், ஆனால் கோபம் வந்தால் மலைநாடு எட்டிப்பார்க்கும்.

தடைக் காலத்தில் பெற்றோல் என்பது வாசம் பிடிக்க மட்டும் கிடைக்கிற சாமான். கணபதி தன் பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஒரு மூடி பெற்றோல் காட்டி உசுப்பிவிட்டு, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டுவார். அந்தப் புகையில் வயலோரம் நின்ற கொக்கெல்லாம் காகமாகிப் பறந்ததை நானே கண்டேன். எல்லாக் கொக்கும் இல்லை. ஒன்று.

சண்டை நெருங்கி ஊரை விட்டு ஓட வேண்டி வந்தபோது, எல்லாரையும் போல அவரும் கிடங்கு வெட்டிச் சாமான்களைத் தாட்டார். மோட்டார் சைக்கிள் ஒரு கிடங்கில், சுப்பம்மாவின் தையல் மிசின் இன்னொன்றில். திரும்பி வந்து தோண்டியபோது தையல் மிசின் இருந்தது. மோட்டார் சைக்கிளை யாரோ முந்திவிட்டார்கள். ஆனாலும் கணபதிக்கு மண்ணில் நம்பிக்கை போகவில்லை. "பாதிக்குப் பாதி திருப்பித் தருகுது, ரீச்சர். எந்த அரசாங்கம் இப்பிடித் தரும்?" என்பார் என்னிடம்.

பிறகு நாடே எண்ணெய்க்கு வரிசையில் நின்ற அந்த வருடம் வந்தது. கணபதியின் மிளகாய்க் கண்டுகள் பூத்து நின்ற நேரம். கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது, இறைக்கிற மிசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. வெறும் கானோடு அவர் எண்ணெய் ஷெட் வாசலில் காத்திருக்க, தோட்டம் காய்ந்து சருகாகிப் போனது. சுப்பம்மா வாளியால் அள்ளி ஊற்றி ஊற்றி, கடைசியில் கிணற்றுக் கட்டிலே குந்திவிட்டா.

அதற்குப் பிறகு எண்ணெய் தாராளமாக வந்தும் கணபதி யாரையும் நம்பவில்லை. கான் கானாகக் கொண்டுவந்து ஒரு நீலப் பிளாஸ்ரிக் பரலில் நிரப்பி, கிணற்றடியில் கிடங்கு வெட்டித் தாட்டு, மேலே பூசணிக்கொடி படரவிட்டார். புருசனையும் பெண்சாதியையும் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அவருடைய கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் மற்றக் கிணறெல்லாம் சவர். தேத்தண்ணி வைத்தால் பால் திரையும். கணபதியின் கிணறு மட்டும் நல்ல தண்ணீர், சித்திரை வெயிலிலும் வற்றாது. பின்னேரமானால் நாங்கள் எல்லாரும் குடத்தோடு அங்கேதான். ஊர்ப் புதினம் பாதி அந்தக் கட்டில்தான் பிறந்தது. மீதியை நான் வீட்டில் இருந்து செய்வேன்.

சென்ற வருடம் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். நிரோஜன் என்ற இளம் உத்தியோகத்தர் கிளிநொச்சியிலிருந்து வந்து, நாடு கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை விட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் மாறப் போகிறது என்று படம் போட்டு விளக்கினார். விவசாயிகளுக்கு வெயிலில் ஓடும் மிசின் கொடுக்கப் போகிறார்கள்.

"இனி உங்களுக்கு ஒருத்தரையும் பார்த்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை, ஐயா. வெயில் எறிச்சால் தண்ணி வரும்."

கணபதி எழும்பினார். "தம்பி, வெயிலுக்குத் தடை போட்டால் என்ன செய்யிறது?"

மண்டபம் சிரித்தது. கணபதி சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே கேட்டார்.

வெயில் மிசினுக்குக் கணபதியின் பெயரைக் கொடுத்தது சுப்பம்மாதான். பழைய மண்ணெண்ணெய் மிசினின் புகை கணபதியின் நெஞ்சில் ஏறி, இரண்டு சொல்லுக்கு ஒரு இருமல் என்ற அளவுக்கு வந்திருந்தது. இனிப் புகைக்குக் கிட்டப் போகக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஒழுங்கைக்கு ஒரு வெயில் மிசின்தான். வற்றாத கிணறு வேண்டுமென்றதால் அது கணபதிக்கே கிடைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று சுப்பம்மா ஒழுங்கை முழுக்க மோதகம் அவித்துக் கொடுத்தா.

மிசினைப் பூட்ட வந்த நாளில் நிரோஜன் வளவைச் சுற்றிப் பார்த்து, வெயில் தகட்டுத் தூணுக்குப் பூசணிக்கொடி படர்ந்த இடத்தையே காட்டினார். நிழல் விழாத இடம் அதுதான்.

"அங்கால வேலியோரம் வைப்பம், தம்பி," என்றார் கணபதி.

"அங்கை வேம்பு மறைக்கும், ஐயா. இதுதான் நல்ல இடம்."

"பூசணி பிஞ்சு விட்டிருக்கு."

"ஐயா, பூசணிக்குப் பாத்தால் நாடு எப்பிடி முன்னேறும்?"

அதற்குப் பிறகு நிரோஜன் முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார். "கீழ ஏதும் தாட்டுக் கிடக்கோ? பைப், வயர், ஏதும்?"

இந்தக் கேள்வியை எங்கள் ஊரில் கேட்கக்கூடாது. எத்தனை வருடம், எத்தனை சப்பாத்துக்கால்கள் முற்றத்தில் நின்று இதைக் கேட்டிருக்கின்றன! தாட்டது அண்டாவாக இருந்தாலும் தாலிக்கொடியாக இருந்தாலும் நாங்கள் சொல்வது ஒரே சொல். நினைத்துச் சொல்வதில்லை. தும்மல் மாதிரி அது தானாக வந்துவிடும்.

"ஒண்டுமில்லை," என்று சொல்லிவிட்டார் கணபதி. அப்படித்தான் அவர் எங்களுக்குச் சொன்னார்.

தூணுக்குக் குழி தோண்ட அலவாங்கு இறங்கியது. மண்வாசம் வந்தது, அதற்குப் பின்னால் மண்ணெண்ணெய் வாசம் வந்தது. கணபதி ஓடிவந்து கிடங்குக்குள் பாய்ந்து, கட்டியிருந்த சாரத்தின் தலைப்பையே கிழித்து ஓட்டையில் அடைத்தார். பரலின் அடிப்பக்கம் பிளந்திருந்தது. மணல் தரை. தாகத்தில் கிடந்த ஆள் மாதிரி அது அவ்வளவையும் குடித்தது. பின்னேரம் மழையும் பெய்தது. நாங்கள் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த மழை, அன்றைக்குப் பார்த்து.

விடியக் குடத்தோடு போனவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். தண்ணீரின் மேல் மயில்தோகை நிறத்தில் படலம் மிதந்தது. கணபதி பழைய மிசினைக் கொண்டுவந்து, எஞ்சியிருந்த மண்ணெண்ணெயை ஊற்றி, அதே புகையில் இருமி இருமிக் கிணற்றை இறைத்தார். இறைக்க இறைக்க ஊற்றுக்கண்ணிலிருந்து புதுத் தண்ணீர் வந்தது. அந்தப் புதுத் தண்ணீரும் மணத்தது.

நிரோஜன் இரண்டு தரம் வந்து பார்த்தார். திட்டவில்லை. அந்த வெயில் மிசின் அடுத்த ஒழுங்கைக் கனகலிங்கத்தின் கிணற்றுக்குப் போனது. தூண் நட ஆள் போதாமல் கணபதியும் போய்ப் பிடித்தார். அங்கேயும் அதே கேள்வி வந்தபோது, கனகலிங்கம் வாய் திறக்க முன்னமே கணபதி சொன்னாராம்: "பொறு. யோசிச்சுச் சொல்லு."

கனகலிங்கம் சும்மா விடுகிற ஆளா? "அண்ணை, உங்கட கிணத்தடியில ஒரு ஷெட் திறவுங்கோவன். நாங்கள் வாளியோட வாறம்." கணபதி முதல் தரம் சிரித்தார். இரண்டாம் தரம் கேட்டபோது எழும்பிப் போய்விட்டார்.

இந்தப் போகம் அவர் மிளகாய் நடவில்லை. குடிதண்ணீருக்கு எங்கள் ஒழுங்கை முழுவதும் பவுசர் லொறியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பவுசர் டீசலில்தான் ஓடுகிறது. நாடு எண்ணெயை விடும் நாள் வரும், நான் நம்புகிறேன். ஆனால் எங்கள் ஒழுங்கை மண்ணை விட்டு அது எப்போது போகும் என்று நிரோஜனுக்கும் சொல்லத் தெரியவில்லை. கணபதி இப்போது ஆட்களைக் கண்டால் ஒதுங்கி நடக்கிறார். "என்ர ஒரு சொல்லால ஊருக்கே தண்ணி இல்லாமல் போச்சு," என்பதுதான் அவர் கடைசியாக என்னோடு பேசியது.

இதை எழுதி முடித்தபோது சுப்பம்மா வெறும் கான்களோடு என் வீட்டு வாசல் படலையடியில் பவுசருக்குக் காத்திருந்தா. கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்தும் கான் மூடியைத் திருகித் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தா.

"எல்லாஞ் சரிதாங்க ரீச்சர். ஒரு எடத்த மட்டும் மாத்தி எழுதுங்க. அந்தத் தம்பி கேட்டப்ப இவரு மம்பட்டி எடுக்க வீட்டுப் பக்கம் போயிட்டாரு. கேட்டது என்கிட்ட. ஒண்ணுமில்லன்னு சொன்னது நானு."