பதினான்கு வீட்டுத் தண்ணீர்

காலை 6.40-க்குக் கோவிலம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பல்லாவரத்துக்கு இருபது ரூபாய். ஆயுத பூஜை நாள். வண்டியின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்ததால், ஓரத்தில் உட்கார்ந்த என் முகத்தை இலை அடித்துக்கொண்டே வந்தது. "லீவு நாள்ல குன்றைப் பார்க்க யாராவது கூடுவாஞ்சேரி போவாங்களா?" என்று கிளம்பும்போது மனைவி கேட்டாள். வேறு யாரும் போகமாட்டார்கள். நான் போவேன். இருபத்தெட்டு வருஷம் நீலகிரிச் சரிவுகளில் மண் அரிப்பைத் தடுக்கும் வேலையில் ஓவர்சியராக இருந்தவன். எந்தப் பள்ளத்தையும் பத்து நிமிஷம் பார்த்தால் அதன் யோக்கியதை எனக்குத் தெரிந்துவிடும். இதில் அடக்கம் எல்லாம் எனக்குக் கிடையாது.

போகும் வீடு எஸ்தர் டீச்சருடையது. என் மனைவி வேலை பார்க்கும் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் மஸ்கட்டில். கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து நான்கு கிலோமீட்டரில், ஒரு சிறு குன்றின் தோளில் போட்ட லேஅவுட்டில் கடைசி வீட்டைக் கடன் போட்டு வாங்கியிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் சரிவு. அந்தச் சரிவில் ஒரு பள்ளம் விழுந்து, மழைக்கு மழை மேல்நோக்கி ஏறி வருகிறது. வாங்கியபோது சமையலறைச் சுவருக்கும் சரிவின் விளிம்புக்கும் நடுவே ஒரு கார் நிறுத்தலாமாம். "இப்ப நாலடிதான் சார் இருக்கு. ராத்திரி மழை பேஞ்சா தூக்கம் வர மாட்டேங்குது" என்று போனில் சொன்னார். இன்று மாலையிலிருந்து கனமழை என்று டிவியில் வேறு சொல்லிவிட்டார்கள்.

7.15, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பொரியும் பூசணிக்காயும் குவிந்து கிடந்தன. அவற்றைத் தாண்டிப் பழைய சாமான் வரிசைக்குப் போய், அறுபது காலி சிமெண்ட் சாக்கு வாங்கினேன். ஒன்று ஐந்து ரூபாய். மண் நிரப்பிப் பள்ளத்தின் குறுக்கே படிப்படியாக அடுக்கினால் தண்ணீரின் வேகம் செத்துவிடும், வண்டல் அங்கேயே தங்கும். பள்ளத்தைப் பார்க்காமலேயே வைத்தியத்தை முடிவு செய்துவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

8.05-க்கு மின்சார ரயில். தாம்பரத்தில் பாதிக் கூட்டம் இறங்கியது, ஊருக்குப் போகும் மூட்டைகளோடு இன்னொரு பாதி ஏறியது. கூடுவாஞ்சேரியில் இறங்கியபோது மணி 8.50. ஆட்டோக்காரர் என் சாக்குக் கட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், பூஜை அன்னிக்கு சாக்கு வியாபாரமா?"

"மலைக்குக் கட்டுப் போடப் போறேன்."

"அந்த மேட்டு லேஅவுட்டா? ரோடு பேஜார் சார். மழ வந்தா செம்மண்ணு அப்டியே வயிஞ்சி கீழ வந்துகினு இருக்கும். நூத்தம்பது குடு."

நூற்றிருபதுக்கு ஒத்துக்கொண்டார். அவர் சொன்னது சரிதான். அடிவாரத்துச் சாலையில் கணுக்கால் அளவு செம்மண் படிந்து, காய்ந்து, வெடித்துக் கிடந்தது. இதெல்லாம் மேலே வீடுகளைத் தாங்க வேண்டிய மண்.

எஸ்தர் டீச்சர் காபி கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் என்னைக் கொல்லைக்கு இழுத்துப் போனார். நாலடி என்று சொன்னாரே, டேப் வைத்தேன். மூன்றடி எட்டு அங்குலம். அந்த விளிம்பில் துணிக்கொடிக் கம்பம் ஒன்று சாய்ந்து நின்றது. அதற்குக் கீழே ஆள் உயரத்துக்கு மேல் நேர்வெட்டாகப் பள்ளம். பக்கவாட்டில் இறங்கி, பள்ளம் தொடங்கும் தலைப்பகுதிக்கு வந்தேன். அங்கேதான் எனக்குத் திக்கென்றது. மலைச்சரிவில் பரவி வரும் மழை இப்படி ஒரே இடத்தில் அண்டா மாதிரிக் குடையாது. அண்ணாந்து பார்த்தேன். விளிம்புக்கு ஓரடி கீழே, ஆறு அங்குல பிவிசி குழாய் ஒன்று வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"டீச்சர், இது என்ன?"

"அது எங்க ஸ்ட்ரீட் தண்ணி சார். பதினாலு வீட்டு மொட்டைமாடித் தண்ணியும் அதுலதான் வரும்."

சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. கதை இதுதான். ஒரு மழைக்குத் தெருவில் தண்ணீர் நின்று நான்கைந்து கார்கள் கெட்டுப்போயின. அசோசியேஷன் கூட்டம் போட்டு, இனி ஒரு சொட்டுகூட வாசல் பக்கம் விழக்கூடாது என்று தீர்மானம் செய்தார்கள். எல்லா மாடிக் குழாய்களையும் மண்ணுக்கடியில் இணைத்து, கடைசி வீட்டின் பின்னால் சரிவில் விட்டார்கள். ரிப்பன் கட்டி, கேசரி கொடுத்துத் திறப்பு விழா வேறு! தெரு சுத்தமாகக் காய்ந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

"எந்த மகானுபாவன் போட்ட பிளான் இது?" என்று கத்திவிட்டேன்.

டீச்சர் அந்தக் குழாயை அண்ணாந்து பார்த்தார். "நான்தான் சார்" என்றார். "நான்தான் அப்ப செக்ரட்டரி."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இந்தக் குழாய் இருக்கும்வரை அறுபது சாக்கு என்ன, அறுநூறு அடுக்கினாலும் அடித்துக்கொண்டு போகும். முதலில் பள்ளத்தின் தலையில் விழும் தண்ணீரை நிறுத்த வேண்டும். அதன்பிறகுதான் சாக்கு, புல், வெட்டிவேர் எல்லாம்.

பிற்பகல் 3 மணி. டீச்சர் வீடு வீடாகப் போய்த் தெருவையே கொல்லைக்குக் கூட்டி வந்தார். தலைவர் ரவிச்சந்திரன், முதல் வீட்டுக்காரர், வங்கி அதிகாரி. சந்தனமும் குங்குமமும் வைத்த புதுக் காரை அப்போதுதான் பூஜையில் விட்டு வந்திருந்தார்.

"டீச்சர், கஷ்டம் புரியுது. அதுக்காக மறுபடியும் எங்க வண்டிங்க முழுகணுமா? பின்னால ஒரு சுவர் எழுப்பிக்கோங்களேன்."

எஸ்தர் டீச்சருக்குக் கண் கலங்கியது. குரல் மட்டும் வகுப்பில் பேசுகிற மாதிரியே இருந்தது. "பிளான் போட்டவ நான், தப்பும் என்னுதுதான். பதினாலு மாடித் தண்ணியையும் கூட்டிப் பார்த்தேன். அது எங்க போய் விழும்னு பார்க்கல. எனக்கு இருக்கறது இந்த வீடு ஒண்ணுதான் சார்."

கூட்டம் ரவிச்சந்திரன் முகத்தைப் பார்த்தது. எனக்குப் பொறுமை கிடையாது. "ஆளுக்கொரு வீடா மாடிக்குப் போங்க. தண்ணித்தொட்டிக் குழாயை அஞ்சு நிமிஷம் மாடித்தரையில திறந்து விடுங்க. ரவிச்சந்திரன் சார் மட்டும் எங்கூட இங்க நிக்கட்டும்" என்றேன்.

அவரைப் பக்கத்துச் சரிவில் பத்திரமாக நிறுத்திக்கொண்டேன். முதலில் குழாயில் ஒரு நூல் போல வந்தது. பிறகு கலங்கலாக, பிறகு முழு வாயாக. அண்டாக் குடைவில் விழுந்து சுழன்றது. நான்காவது நிமிஷம் மேலே விளிம்பில் ஒரு கோடு விரிந்தது. அடுத்த நொடி துணிக்கொடிக் கம்பமும் அதைப் பிடித்திருந்த மண்ணும் தொப்பென்று பள்ளத்துக்குள் விழுந்தன. "ஐயோ!" என்று தன் மாடியிலிருந்து டீச்சர் அலறினார். இவ்வளவு விழும் என்று நானும் நினைக்கவில்லை.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!" ரவிச்சந்திரன் மாடிகளைப் பார்த்துக் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தொட்டித் தண்ணிக்கே இப்படின்னா மழைக்கு?" என்றார். "குழாய அறுக்க ஹாக்சா பிளேடு எங்க வீட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

முதல் வெட்டு அவர் வீட்டுக் குழாய்க்குத்தான். மாலை ஐந்தரைக்குள் பதினான்கும் துண்டாயின; இனி மாடித் தண்ணீர் பழையபடி வாசலில்தான் விழும். மழை விட்டதும் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் ஜல்லி நிரப்பிய உறிஞ்சுகுழி வெட்டுவது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். இடிந்த விளிம்பின் மேல் தார்ப்பாய் விரித்து, என் சாக்குகளில் இருபதை மண் நிரப்பிப் பாரம் வைத்தோம். மறுபடியும் டேப் வைத்தேன். இரண்டடி ஒரு அங்குலம். அதை டீச்சரிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. அவரே டேப்பை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

6.20, கூடுவாஞ்சேரி ஸ்டேஷன். நடைமேடையில் கால் வைத்ததும் மழை பிடித்துக்கொண்டது. எதிர்நடைமேடை தெரியாத அளவுக்கு அடித்தது. நீலகிரியில் இடிந்த சரிவுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். எந்தச் சரிவுக்கும் நான் இப்படிப் பயந்ததில்லை. இரண்டு ரயிலை விட்டுவிட்டேன். ஏழே காலுக்கு மழை கொஞ்சம் தணிந்தபோது போன் போட்டேன்.

"டீச்சர், எங்க இருக்கீங்க?"

"தெருவுல சார். முட்டி வரைக்கும் தண்ணி. எல்லாரும் வெளியதான் நிக்கறோம்."

"பின்னால?"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"இப்பதான் டார்ச் அடிச்சுப் பார்த்தோம் சார். சாக்கு வெச்ச எடத்துல அப்படியே இருக்கு. மண்ணு ஒரு பிடி நகரல."

பின்னாலிருந்து ரவிச்சந்திரன் குரல்: "சார்கிட்ட சொல்லுங்க, மீதி நாப்பது சாக்கு இருக்குல்ல, நாளைக்கு நாங்களே ரொப்பி வெச்சிடறோம். அப்படியே கெட்டுப்போன புதுக் காரைத் தள்ள ஒரு ஆளும் வேணும்னு சொல்லுங்க!"