தாமல் அர்ஜுனன் எழுதிய கொலை

தாமல் அர்ஜுனன் என்ற பெயரில் கொலை நாவல்கள் மாதந்தோறும் வந்துகொண்டிருந்தன. அந்தப் பெயருக்குரிய அர்ஜுனனோ பிள்ளையார்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்துப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். எழுதியவள் அவன் மனைவி கிருஷ்ணவேணி. பொம்பளைப் பெயரில் கொலைக்கதை விற்காது என்று சென்னைப் பதிப்பாளர் சொல்லிவிட்டதால் புருஷன் பெயரை, அவன் சொந்த ஊர் தாமலையும் சேர்த்து, கொடுத்திருந்தாள்.

எழுபத்தொன்றில் நெசவாளர் சங்கத் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்குக் கட்சிக்காரன் பஞ்சாட்சரம் நின்றான். எதிர்த்து நின்றவன் நெசவுக்காரன் கலியன். ஒரு காலை, தறியில் ஏற்றும் பட்டு நூலைத் தெருவில் நீளமாகப் பாவு இழுத்துக் கட்டியிருந்த இடத்தில் வைத்துப் பஞ்சாட்சரம் இடது கையால் அவனை வெட்டினான். முதல் வெட்டு கழுத்தில். பட்டு இழைகள்மேல் கலியன் விழுந்தான். அவை அறுந்து அவன் உடம்பைச் சுற்றிக்கொண்டன. அதே இடது கையால் இன்னும் இரண்டு வெட்டு வெட்டிவிட்டு, பஞ்சாட்சரம் கத்தியை மஞ்சள் பாவில் துடைத்துக்கொண்டு போனான். ஜன்னலோரம் நின்ற கிருஷ்ணவேணி எல்லாவற்றையும் பார்த்தாள்.

போலீஸ் கேட்டபோது தெருவே எதையும் பார்க்கவில்லை என்றது. சமையல்கட்டில் இருந்தேன் என்று அவளும் சொன்னாள். அப்படிச் சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாவலில் ஊரையும் பெயர்களையும் மாற்றி அந்தக் கொலையை எழுதினாள். மஞ்சள் பாவையும் இடது கையையும் மாற்ற மட்டும் மனம் வரவில்லை. கடைசி அத்தியாயத்தில் கொலைகாரனைத் தூக்கில் போட்டாள்.

பஞ்சாட்சரம் புத்தகம் படிக்கிறவன் இல்லை. யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்களோடு பட்டப்பகலில் சைக்கிள் கடைக்குள் நுழைந்தான். செயினால் அடித்ததில் அர்ஜுனனின் முதுகுத் தோல் உரிந்து தொங்கியது. பிறகு அவன் வலது கையைப் பட்டறைக் கல்மேல் அழுத்திப் பிடித்தார்கள். எழுதின கை இதுதானே என்று கேட்டுப் பஞ்சாட்சரம் சுத்தியலை ஓங்கினான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடி நின்றிருக்கும். அர்ஜுனன் பல்லைக் கடித்துக்கொண்டான். விரல்கள் நொறுங்கிய சத்தம் வாசல்வரை கேட்டது.

கிருஷ்ணவேணி ஓடி வந்தாள்.

"எழுதனது நான்தான். அந்த ஆள விடு."

பஞ்சாட்சரம் சிரித்தான். "புருஷனைக் காப்பாத்த எது வேணா சொல்லுவியா? கொலை எழுத உனக்கு இன்னா தெரியும்?"

"நீ கலியனை வெட்டனத ஜன்னல்ல நின்னு பாத்துக்கினு இருந்தேன்."

சிரிப்பு நின்றது. சுத்தியல் அவள் பக்கம் திரும்புவதற்குள், டயர் நெம்பும் இரும்பை எடுத்து அவன் முகத்தில் வீசினாள். தாடை உடைந்து ரத்தமும் பல்லுமாக அவன் சரிந்தான். ஆட்கள் அவள் கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். அப்போதுதான் தெரு வந்தது. கலியன் செத்தபோது கதவைச் சாத்திக்கொண்டவர்கள், தறிக்கட்டையும் உலக்கையுமாக இறங்கினார்கள்.

செங்கல்பட்டுக் கோர்ட்டில் கலியன் கொலைக்குச் சாட்சி சொல்லக் கிருஷ்ணவேணி மட்டும் கூண்டேறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் நாவலைத் தூக்கிக் காட்டி, கொலையைப் பார்த்ததாகச் சொல்வதும் அம்மாவின் கற்பனைதானே என்றார்.

"அதுல கொலைகாரன் மாட்டிக்கிறான் பாருங்க, அது ஒண்ணுதான் கற்பனை" என்றாள்.

கதை எழுதுகிறவளின் சாட்சி எடுபடவில்லை. கொலை வழக்கில் பஞ்சாட்சரம் விடுதலையானான். அர்ஜுனன் கையை நசுக்கியதற்கு மட்டும் சில வருஷம் உள்ளே போனான். அர்ஜுனனுக்கு மூன்று விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. ஒரு நாள் அவளிடம் அவன் கேட்டது ஒன்றுதான்: இனிமேலாவது உன் பேரைப் போட்டுக்கோ. பதிப்பாளர் முணுமுணுத்தார், ஆனாலும் போட்டார்.

தீர்ப்பு வந்த வாரம் கலியன் மனைவி லோகாம்பாள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நாவலில் கொலைகாரனைத் தூக்கில் போடும் இடத்தை மட்டும் படிக்கச் சொன்னாள். கிருஷ்ணவேணி கடைசி வரிவரை படித்தாள். லோகாம்பாள் அழவில்லை.

"இன்னொரு தபா படிம்மா" என்றாள்.