நுனி தேய்ந்த செல்கள்

தையல் ஊசி விரலில் குத்துவது எனக்குப் புதிதல்ல. திண்டிவனத்தில் பதினைந்து வருடமாகத் துணி தைக்கிறேன். ஆனால் அன்று ரத்தம் நிற்கவே இல்லை. தொடையில் அடிபடாமலே நீலத் திட்டுகள் இருந்ததையும் அதன் பிறகுதான் கவனித்தேன்.

பரிசோதனையில் தட்டணுக்கள் (ரத்தத்தை உறையவைப்பவை) மிகக் குறைவு. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை (எலும்புக்குள் ரத்தம் ஊறும் பகுதி) எடுத்தார்கள். மரபணுச் சோதனை முடிவு வரும்வரை, குளிக்கும்போதெல்லாம் உடம்பில் புதுத் திட்டு தேடினேன்.

"எந்த வயசுல நரைச்சுது?" என்று முடிவைப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்.

"இருபதுலயேங்க. அப்பாவுக்கும் அப்படித்தான். ரத்தப் புற்றுநோய்ல போயிட்டாரு."

அவர் நிதானமாக விளக்கினார். செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களின் (மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகள்) நுனிக் காப்புதான் டெலோமியர். செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அது தேயும். மிகவும் தேய்ந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். அதுதான் செல்லின் முதுமை. எனக்கு அது பிறவியிலேயே குட்டை; அதனால்தான் மஜ்ஜையில் ரத்த அணுக்கள் போதுமான அளவு ஊறவில்லை, இளநரையும் அதன் அடையாளம்.

"நிக்க வேண்டிய செல் நிக்காம பிரிஞ்சா, காப்பில்லாத நுனிங்க தப்பா ஒட்டிப் பிய்யும். அதுல புற்று வரலாம். இப்ப உங்களுக்கு இல்ல."

'இப்ப' என்ற சொல் மட்டும் காதில் நின்றது.

"அதை நீளமாக்க முடியாதுங்களா?"

"ஒரு ஹார்மோன் மாத்திரை கொஞ்சம் உதவலாம். ஆனா புற்று செல்லும் அந்தக் காப்ப வளத்துதான் சாகாம இருக்குது. பார்த்துப் பார்த்துதான் குடுக்கணும்."

முழுதாகச் சரியாக வேறொருவரின் நல்ல மஜ்ஜையை ஏற்ற வேண்டும் என்றார். அதைத் தர, விக்கிரவாண்டியில் லாரி ஓட்டும் என் தம்பி செல்வம் வந்தான்.

"நீ ஏன்க்கா பேஜாராவுற? என்னுத எடுத்துக்கட்டும்."

டாக்டர் அவன் கருகரு முடியைப் பார்த்தார். அவன் தலைகுனிந்தான்.

"டை அடிச்சிக்கினு இருக்கேங்க. பத்து வருசமா. வீட்ல பொண்டாட்டிக்கே தெரியாது."

சோதித்ததில் அவனுக்கும் அதே குறை. எனக்குள் முதலில் எழுந்தது, சொல்லவே கூசுகிறது, கோபம்தான். மஜ்ஜை போயிற்றே என்று. வராந்தாவில் அவன் அழுததைப் பார்த்த பிறகே அவனுக்காகப் பயந்தேன். உடன்பிறந்தவரிடம் மஜ்ஜை கேட்க நேர்ந்தால், அவரையும் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.

மாத்திரை கேட்கிறது. தட்டணுக்கள் மெல்ல ஏறுகின்றன. ஆனாலும் தலைவலி வந்தால்கூட, புற்றோ என்று மறுபடி உடம்பில் திட்டு தேடுகிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் விழுப்புரம் போகிறோம். என் முடிவுத் தாளை அவன் வாங்குகிறான், அவனுடையதை நான். சொந்தத் தாளைத் திறக்க இருவருக்கும் துணிவில்லை. வருடம் என்பது இப்போது எங்களுக்கு, முடிவு வாங்கும் நான்கு காலைகள்தான்.