ஓரத்தைப் பார்த்தவர்

கடலூரில் நான் சிதம்பரம் பஸ் ஏறியபோது பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கசங்கிய முழுக்கைச் சட்டை, ஆட்டம் நிற்காத முழங்கால். ஜெர்மனிக்குப் போய் முப்பது வருடம் கேமரா லென்ஸ் வடிவமைத்தவராம். அவர் கண்டுபிடித்த லென்ஸ் ஒன்று இன்னும் விற்கிறதாம்.

கேட்ட உற்சாகத்தில் என் போனை எடுத்து மகள் கல்யாணப் படத்தைக் காட்டினேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு, மூலையிலிருந்த பந்தல்காலைப் பெரிதாக்கினார்.

"கால் வளைஞ்சி தெரியுது பாருங்க. லென்ஸோட குறை ஓரத்துலதான் சார் மாட்டும். நடுவுல எல்லா லென்ஸும் நல்லாதான் காட்டும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. என் மகளை ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

புதுச்சத்திரம் தாண்டியதும் தன் போனை என் கையில் திணித்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு வயதான அம்மாள்.

"எங்க அக்கா. தம்பி அனுப்புனான். மூணு நாளா பாக்குறேன், ஜன்னல் கம்பிதான் கண்ணுல படுது. நீங்க பாத்துச் சொல்லுங்க, முகம் எப்படி இருக்கு?"

கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது.

"நல்லாத்தான் இருக்காங்க" என்றேன்.

சிதம்பரத்தில் பஸ் நிற்பதற்குள் படிக்குப் போய்விட்டவர், திரும்பிக் கேட்டார்: "முகத்தத்தான பாத்தீங்க?"

"ஆமாங்க" என்றேன். நான் அவரிடம் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.