போஞ்சிக் காணி மாணிக்கம் அண்ணன்

மாணிக்கம் அண்ணன் போயிட்டார்... காலையில அவரோட மகள் போன் பண்ணிச் சொன்னா. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலேயே முடிஞ்சிடுச்சாம்.

உங்கள்ல யாருக்கும் அவரைத் தெரியாது. பிலிமத்தலாவைப் பக்கம் புது ரோட்டுக்கு எடுத்த காணிகளை, ரோடு போட முன்னால தோண்டிப் பார்த்த தொல்லியல் டீம்ல நான் படம் எடுக்கிற வேலை செய்தேன் இல்லையா... அதுல ஒரு காணி அவருடையது. தேயிலைத் தோட்டத்துல உழைச்ச காசுல வாங்கி, மரக்கறிக்குப் போஞ்சிக் கொடி போட்டிருந்தார்.

சொந்தக் காணியைத் தோண்ட நாள் கூலிக்கு வந்தார். வேற ஆளுங்க மண்வெட்டி போடுறதைப் பார்க்க முடியாதாம்.

முதல் நாளே கேட்டார். "மிஸ், ராஜா காலத்து சாமான் ஏதாச்சும் வந்தா ரோட்டைத் திருப்பிருவாங்களா?"

"திருப்பினாலும் திருப்புவாங்க அண்ணே"ன்னு சும்மா சொல்லி வச்சேன். அவர் அதை அப்படியே நம்பிட்டார்.

ரெண்டு வாரம் தோண்டியும் ஓட்டுச் சில்லும் கொஞ்சம் இரும்புக் கசடும்தான்.

ஒருநாள் குழி மூலையில இருந்து கூப்பிட்டார். "மிஸ், ஓடியாங்க! கல்லு ஒண்ணு!"

ஓடினோம். பாதி உடைஞ்ச ஆட்டுக்கல். பிரஷ்ஷால மண்ணைத் தள்ளித் தூக்கினா... அடியில ஒரு போஞ்சி இலை. பச்சை கூட மாறல.

எல்லாரும் சிரிச்சிட்டோம். கூடுதலாச் சிரிச்சது நான்தான். "எந்த ராஜா வீட்டு ஆட்டுக்கல் அண்ணே?"

"எங்க வீட்டுது மிஸ்"னார். கல்லைத் தூக்கி நெஞ்சோட அணைச்சிக்கிட்டு மேல ஏறிப் போனார். தேத்தண்ணிக்குப் பிறகு திரும்பி வந்து, ஒண்ணும் நடக்காத மாதிரி மண் அள்ளினார்.

அந்தச் சிரிப்பை நினைச்சா இப்போ வெட்கமா இருக்கு.

'இங்கு பாதுகாக்க வேண்டியது எதுவும் இல்லை'ன்னு ரிப்போட் போச்சு. டைப் பண்ணினதும் நான்தான்.

இன்னைக்கு மகள் போனை வைக்கிறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டா. "அக்கா, பேனர் அடிக்கணும். அடையாள அட்டைப் படம் மட்டும்தான் இருக்கு. அப்பா நம்ம காணியில நிக்கிற மாதிரி உங்ககிட்ட ஒரு படம் இருக்குமா?"

எங்க வேலையில ஒரு முறை இருக்கு. படம் எடுக்க முன்னால குழியைக் கூட்டி, அளவுகோலை வச்சு, ஆட்களை எல்லாம் வெளியேத்திடுவோம். யாரோட நிழலும் விழக் கூடாது.

கடைசியாக் கூட்டுறது எப்பவும் அண்ணன்தான். கூட்டிக்கிட்டே பின்னால போய், தன்னோட கால் தடத்தையும் அழிச்சிட்டு ஏறிடுவார். "சரியா மிஸ்?"னு மேல நின்னு கேட்பார்.

மத்தியானத்துல இருந்து லப்டொப்ல தேடிக்கிட்டு இருக்கேன். நானூறுக்கு மேல படம். காணி இருக்கு... ஒரு மூலை விடாம இருக்கு. அவர் இல்ல.



மன்னிச்சிடுங்க அண்ணே. ஒருநாளாச்சும் உங்களை அங்கேயே நில்லுங்கன்னு சொல்லியிருக்கணும்.