குடத்தில் வந்த தண்ணீர்

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலருக்காக அம்மாவின் பெருமையை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத எங்கள் வீட்டு வெட்கம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதையும் சேர்த்தே படியுங்கள்.

அம்மா பிறந்தது திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் கரையோரத் தோட்டத்தில். ஆற்றில் துணி துவைக்க இறங்கினால் கெண்டைக் குஞ்சுகள் காலைக் கடிக்கும் என்று சொல்லிச் சிரிப்பார். வாழ்க்கைப்பட்டதோ அதே ஆற்றின் மேல்பக்கம், மண்ணரையில் சாயப்பட்டறை வைத்திருந்த அப்பாவுக்கு. பட்டறைக் கழிவு ஓடை வழியாக ஆற்றுக்குப் போனது. எங்கள் படிப்பும் என் கல்யாண நகையும் அந்தப் பட்டறையில் வந்தவைதான். கீழே, அம்மாவின் அண்ணனான எங்கள் மாமாவின் கிணறு கெட்டது. தென்னையில் காய்ப்பு குறைந்தது. இளநீர்கூடக் கரித்தது.

மாமா ஒருநாளும் சண்டைக்கு வரவில்லை. சண்டை போட்டது அம்மாதான். "ஊரே சாயத்தண்ணிய ஆத்துல உடுது. நான் ஒருத்தன் நிறுத்துனா ஆறு சுத்தமாயிருமா?" என்று அப்பா வாயை அடைத்துவிடுவார். ஒருமுறை பிறந்த வீட்டுக்குப் போன அம்மா, தூக்குப்போசி நிறைய அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தார். அதிலேயே உலை வைத்து அப்பாவுக்குச் சோறு போட்டார். ஒரு வாய் வைத்ததும் அப்பா துப்பிவிட்டார்.

"என்ன தண்ணி இது?"

"உங்க தண்ணிதானுங்க. நீங்க அனுப்புனது, எங்கண்ணன் கெணத்து வழியாத் திரும்பி வந்திருக்குது. சாப்புடுங்க."

அப்பா எழுந்துவிட்டார். அம்மா அந்தச் சோற்றையே உண்டார். அதற்குப் பிறகுதான் எங்கள் பட்டறை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்தது. ஓடைக்குப் போன குழாயைப் பக்கத்திலேயே நின்று சிமென்ட் வைத்து அடைக்கச் செய்தார் அம்மா. ஆனால் கிணறு தேறவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகு அம்மா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னைய எங்கூட்டுக் கெணத்துத் தண்ணியில குளிப்பாட்டி அனுப்புங்க கண்ணு." அப்பா அதைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார்.

அம்மா போன அன்று, பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு பித்தளைக் குடத்தில் தண்ணீரும் கொண்டுவந்தார் மாமா. குளிப்பாட்டும்போது என் கையில் பட்ட தண்ணீரில் எந்தச் சாய வாடையும் இல்லை. எனக்கு அழுகையிலும் ஒரு சந்தோஷம். மாமாவிடம் ஓடிப்போய், "கெணறு நல்லாயிருச்சுங்களா மாமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் தள்ளி அழைத்துப் போனார். "இல்ல கண்ணு. கேன் தண்ணி. வர்ற வழியில வாங்கிக் கொடத்துல ஊத்துனேன். அந்தக் கெணத்துத் தண்ணிய எம்பொறந்தவ மேல ஊத்த மனசு வரலீங்க. கேனோட கொண்டாந்தா சபையில உங்கப்பாரு தலை குனிய வேண்டியிருக்கும். யாருகிட்டயும் சொல்லீராத."

கெடுத்தது நாங்கள். மறைத்தது அவர். என் உடம்பு கூசியது. இன்றும் கூசுகிறது.

இதை அப்பாவிடம் இப்போதுதான் படித்துக் காட்டினேன். எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாஞ்சாமி. அச்சுல வரட்டும்" என்றார்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அன்று சோறாக்கிப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி. மாமாவுக்கு, அந்தத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்ததற்காக.